தை மாதத்தில் உழுத நிலம்

என் அக்காவுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. இடது கண் அவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே போய்விட்டது. தோட்டத்து ரப்பர் கொட்டகையில் பால் உறைவதற்காக ஊற்றும் ஆசிட் தெறித்துவிட்டது. அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வலது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பால் வெட்டினாள், இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள், சுங்கைப் பட்டாணி சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசினாள். அந்த வலது கண்ணிலும் புரை விழுந்தபோது ஆஸ்பத்திரியில் அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். தைப்பூசம் முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை. நான் அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதே பக்கத்தில், நான்கு வரிக்கு மேலே, இன்னொரு குறிப்பும் என் கையெழுத்தில் இருந்தது: 'அத்தான் நிலம், உழவு ஆரம்பம்.' அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வாசலில் இருந்த மழைமானியை எடுத்து, தண்ணீரை அளந்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. தோட்டம் கைமாறி ஆபீசை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சுங்கைப் பட்டாணியில் என் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். நோட்டில் முதல் கட்டத்தில் ஆங்கிலத் தேதி, இரண்டாவதில் தமிழ்த் தேதி, மூன்றாவதில் மழை, நான்காவதில் காற்று. மீதி இடத்தில் அன்று நடந்தது. தமிழ்த் தேதி எழுதுவதால் பஞ்சாங்கமும் கையோடு இருக்கும். அதனால் உறவில் யாராவது வீடு குடிபுக வேண்டும், புதுக் காடி எடுத்து ஓட்ட வேண்டும் என்றால் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் எனக்குத்தான் போன் செய்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

அத்தானும் அக்காவும் வேலையிலிருந்து நின்ற பிறகு சுங்கை லாலாங் போகிற வழியில் ஐந்து ஏக்கர் வாங்கினார்கள். மேற்கு ஓரத்தில் வீடு, அதற்குக் கிழக்கே மலையடிவாரம் பார்த்து மெல்ல ஏறிப் போகும் நிலம். நிலம் முழுக்கக் கிழட்டு ரப்பர் மரங்கள். பால் வற்றிவிட்டது. அவற்றை அகற்றிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட வேண்டும் என்பது திட்டம்.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் கூட்டத்துக்கு அவர் மண்டோர், வேலை வாங்கும் கங்காணி. அந்தக் காலத்தில் துரை ஜீப்பில் வந்து ரப்பர் காட்டைச் சுற்றும்போது லாலாங் புல் ஒரு தாள் கண்ணில் பட்டாலும் மண்டோருக்கு ஏச்சு விழும். நல்ல காடு என்றால் சுத்தமான காடு. சுத்தமான காடு என்றால் மரமும் மண்ணும் தவிர வேறு எதுவும் தெரியக் கூடாது. இருபத்தெட்டு வருஷம் அதே ஏச்சைக் கேட்டவருக்குப் பச்சையாக எதைப் பார்த்தாலும் கை மருந்துப் பம்பைத் தேடும். சொந்த நிலத்தில் அவரே துரை, அவரே மண்டோர்.

மரங்களை ஐப்பசியில் சாய்த்தார்கள். வேலி ஓரத்தில் காற்றுக்குத் தடுப்பாக நின்ற இரண்டு வரிசையையும் பலாமரங்களையும்கூட விட்டுவைக்கவில்லை. "வெட்டறதுதான் வெட்டறோம், ஒரேடியா வெட்டிடுவோம்," என்றார் அத்தான். லாரி வந்து கட்டைகளை அள்ளிக்கொண்டு போனது. பிறகு உழ வேண்டும், நிலத்தை மூடிப் படரும் பயற்றுக்கொடியின் விதையைத் தூவ வேண்டும், கன்று நட வேண்டும். விதை மூட்டை வாங்கி வந்து வீட்டில் வைத்தாயிற்று.

கார்த்திகை கடைசி வாரம் டிராக்டர்காரர் வந்தார். சிடாம் கிரி ஊர்ப் பக்கத்து மலாய்க்காரர். தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். அன்று காலைதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மண்ணு இப்ப மெத்துனு இருக்கு. நாளைக்கே ஓட்டிடுறேன். வெத போட்டா மூணு நாள்ல மொளச்சிடும். பூலான் டுவா வந்துச்சினா ஒரு சொட்டு கெடைக்காது," என்றார். பூலான் டுவா என்றால் பிப்ரவரி.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "என்னா கிராணியாரே, நாளைக்கு எப்படி?"

நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். "நாளைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அப்புறம் மார்கழி பொறந்திடுது அத்தான்."

"மார்கழியில எவனாச்சும் புதுசா காட்டுல கைய வைப்பானா?" என்றார் அத்தான்.

"தை மூணாந்தேதி ரொம்ப நல்லா இருக்கு. வளர்பிறை."

டிராக்டர்காரர் சிரித்தார். "உங்க காலண்டர்ல மழைக்கு நாள் போட்டிருக்கா அண்ணே?"

"அது இவன் இன்னொரு நோட்டுல வச்சிருக்கான்," என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பி, அதையும் ஒரு தடவ பாரேன்டா."

நோட்டு அடுத்த அறையில் என் பைக்குள் இருந்தது. எழுந்து போனால் பத்து அடி. நான் எழுந்திருக்கவில்லை.

தை மூன்றாம் நாள் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, டிராக்டர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி உழவு ஆரம்பித்தது. மண் அதற்குள் இறுகியிருந்தது. முதல் ஓட்டத்தில் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அத்தானுக்குத் திருப்தி இல்லை. "இன்னொரு தடவ ஓட்டுங்க. நயமா வரணும்." இரண்டாவது ஓட்டத்திலும் சில கட்டிகள் நின்றன. மூன்றாவது தடவை ஓட்டியபோது மண் பலகாரத்துக்கு இடித்த மாவு மாதிரி ஆகிவிட்டது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேர்க்கோடாக உழுதிருந்தார்கள். ஓரங்களில் எஞ்சிய புல்லுக்கும் அத்தான் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்து அடித்து முடித்தார். அன்று சாயங்காலம் மூவரும் வாசலில் நின்று பார்த்தோம். ஐந்து ஏக்கரும் ஒரே செம்மண். எங்கும் ஒரு இலை இல்லை.

"இப்ப பாரு. கண்ணாடி மாதிரி," என்றார் அத்தான்.

நான் கைப்பேசியில் படம் எடுத்து உறவினர் வாட்சாப் குழுவில் போட்டேன். பலர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

மழை வரட்டும், விதையைத் தூவலாம் என்று காத்திருந்தோம். மழை வரவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலையில் பாதி மூட்டையைத் தூவினோம். எறும்புகள் வரிசை கட்டி வந்து எடுத்துக்கொண்டு போயின. உழவு முடிந்ததுமே நட்டுவிட்ட கன்றுகளை மட்டும் வாளியில் தண்ணீர் சுமந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார் அத்தான்.

அக்காவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்த்தது என் முகத்தை. "ஐயோ, இவ்ளோ நரைச்சிட்டியாடா?" என்றாள். டாக்டர் இளம்பெண். ஒவ்வொன்றாக விரல் மடக்கி மலாயில் சொன்னார். ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. குனியக் கூடாது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது. ஒரு மாதத்துக்குத் தூசி கிட்டவே வரக் கூடாது. கடைசியாக, "இந்த அம்மாவுக்கு இன்னொரு கண் கிடையாது, அதை மறக்காதீங்க," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

பிள்ளைகள் இருவரும் ஜொகூரில் வேலை. அத்தானுக்குக் கை நடுக்கம். சொட்டு மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் விழும். எனக்குக் குடும்பம் இல்லை. ஆகவே மழைமானியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு, பழைய நோட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து தங்கினேன்.

முதல் நாலைந்து நாள் தெரியவில்லை. பிறகு கிழக்குக் காற்று ஏறியது. இந்தப் பக்கத்தில் அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு மலைப் பக்கமிருந்து ஆரம்பித்தால் சாயங்காலம் வரை விடாது. பால்மரங்கள் இருந்தபோதும் அதே காற்றுதான். ஆனால் அந்த மாதங்களில்தான் பால்மரம் இலை உதிர்க்கும். கணுக்கால் ஆழத்துக்குச் சருகு விழுந்து தரையை மூடிக்கொள்ளும். நடந்தால் சரசரக்கும், அவ்வளவுதான். மண்ணைக் காற்றால் தொட முடியாது. இதை நான் ஒரு வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன். ஏன் மரம் அப்படிச் செய்கிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

இப்போது வரப்பில் நின்றால் மண் நகர்வது தெரிந்தது. தரையை ஒட்டி, பாம்பு போவது மாதிரி, மெல்லிய கோடுகளாக வீட்டைப் பார்த்து வந்தது. காலையில் துடைத்த மேசையில் பதினோரு மணிக்கு விரலால் பெயர் எழுதலாம். சோற்றில் நறநறத்தது. சாமி படங்களின் கண்ணாடியில் படிந்து முருகன் யார், பிள்ளையார் யார் என்று தெரியவில்லை. சொட்டு மருந்துக் குப்பியின் மூடித் திருகில்கூடச் செம்மண் இருந்தது.

நான் சும்மா இருக்க முடியாதவனாகிவிட்டேன். கிழக்குப் பக்கத்து ஜன்னல்களுக்கு ஈரச் சாக்கு கட்டினேன். கதவிடுக்கில் பழைய கைலிகளைச் சுருட்டி அடைத்தேன். கோவிட் காலத்தில் மிச்சமான முகக்கவசங்களைத் தேடி எடுத்தேன். அரை மணிக்கு ஒரு தடவை சாக்கை நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து, அதுவே தூசியை உதறும். மேகம் வருகிறதா என்று பார்ப்பது, சாக்கை நனைப்பது, அக்கா கண்ணைப் பார்ப்பது. மறுபடி மேகம்.

"உட்காரேன்டா. நீ நடக்குற நடையிலயே பாதி தூசி கௌம்புது," என்றாள் அக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "சினிமா வில்லி மாதிரி இருக்கேனா?"

"வில்லி வேஷம் போட்டவங்கள்லாம் இவ்ளோ பேசமாட்டாங்க," என்றார் அத்தான்.

"நீங்க தோட்டத்த கண்ணாடியா தொடச்சி வச்சீங்கள்ல. அந்தக் கண்ணாடிதான் இப்ப என் சோத்துல கெடக்குது."

அத்தான் வாளியை எடுத்துக்கொண்டு கன்றுகளுக்குப் போனார்.

மாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே வானம் கலங்கிய தேநீர் நிறத்தில் இருந்தது. மலை தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குக் காற்று ஒரு நிமிஷம் நின்றது. பறவைச் சத்தமும் இல்லை. நான் குளியலறைத் தொட்டியில் சாக்குகளை முக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கூரைத் தகரம் மொத்தமாகப் படபடத்தது. பிறகு மழை விழுவது மாதிரியே ஒரு சத்தம். ஒரு கணம் மழை என்றே நினைத்து முகம் மலர்ந்தேன். சுவரில் விழுந்துகொண்டிருந்தது மண்.

ஈரச் சாக்கோடு ஓடி வந்தேன். வாசலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. நிலம் இருந்த இடத்தில் பழுப்பாக ஒன்று எழும்பி நின்று வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கு மட்டும் தெரிந்து மறைந்தது. உள்ளறை நாற்காலி காலியாக இருந்தது.

அத்தான் மேட்டு மூலையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்தார். அக்கா ஜன்னல் சாக்கை விலக்கிப் பார்த்திருக்கிறாள். அவர் நின்ற இடம் மறைந்துவிட்டது. அவருக்கு நெஞ்சில் கோளாறு உண்டு. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் நின்று, "ஏங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி முகத்தில் இல்லை. கையை நீட்டி முன்னால் தடவிக்கொண்டே இன்னும் நடக்கப் பார்த்தாள். சாக்கை அவள் தலையோடு போர்த்தி இழுத்து வந்தேன்.

அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாராம். இருபது நிமிஷம் கழித்து, தலை முதல் கால் வரை ஒரே நிறமாக, இருமிக்கொண்டே வந்தார். அக்கா அவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான், "தம்பி, கண்ணுக்குள்ள உறுத்துதுடா," என்றாள்.

இரண்டு மணிக்குக் கண் சிவந்தது. மூன்று மணிக்கு என் முகம் மங்கலாகத் தெரிகிறது என்றாள். காற்று இன்னும் விடவில்லை. காடியின் விளக்கைப் போட்டுக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். பின் சீட்டில் அத்தான் அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார். வழியெல்லாம் அவர் பேசியது ஒரே வார்த்தை: "மெதுவா போ, மெதுவா போ." நான் நாற்பதுக்கு மேல் போகவே இல்லை.

அதே டாக்டர். கண்ணைக் கழுவி, கருவியில் வைத்துப் பார்த்தார். கருவிழியில் கீறல், அறுவை செய்த இடத்தில் வீக்கம். கிருமி பிடிக்கிறதா என்பது மூன்று நாளில் தெரியும் என்றார். பிடித்துவிட்டால்? அவர் சேர்க்கைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வார்டில் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, வேறு செய்ய எதுவும் இல்லாமல், பையிலிருந்த நோட்டுகளை எடுத்தேன். போன வருஷத்துத் தை, மாசி. மழைக் கட்டத்தில் கோடு, கோடு, கோடு. பெய்யாத நாளுக்குக் கோடு போடுவது என் வழக்கம். அதற்கு முந்தின வருஷம், அதே கோடுகள். அதற்கும் முந்தினது. காற்றுக் கட்டத்தில் கிழக்கு, கிழக்கு என்று என் கையே எழுதிவைத்திருந்தது. கார்த்திகையிலும் மார்கழி முதல் பாதியிலும் எண்கள் இருந்தன. விதை முளைக்க அவ்வளவு போதும். ஆபீசில் உட்கார்ந்த காலத்திலிருந்து வானம் எனக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஒழுங்காக எழுதிக்கொண்டேன், படிக்கவில்லை.

தை பிறந்ததும் காரியம் தொடங்குவது நம் ஆட்கள் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த வழக்கம். அங்கே தையில் அறுவடை முடிந்து களத்தில் நெல் இருக்கும், கையில் நேரம் இருக்கும். இங்கே கெடாவில் தையும் மாசியும்தான் வருஷத்தின் வறண்ட மாதங்கள். மாதத்தின் பெயர் கடல் தாண்டி வந்துவிட்டது, மழை வரவில்லை. நான் புத்தகம் படிக்காதவனும் இல்லை. அமெரிக்கச் சமவெளியில் புல்லை உழுது தள்ளிவிட்டு, மழை பொய்த்தபோது மண் கறுப்பு மேகமாக எழுந்து ஊர்களை மூடிய கதையைப் படித்து, ஓரத்தில் பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். அது எங்கேயோ பெரிய நாட்டில், பெரிய பண்ணையில் நடந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஐந்து ஏக்கர் போதும் என்று தெரியாது.

இரண்டாம் நாள் அக்காவிடம் சொன்னேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள்.

"நாள் குறிச்சது நான்தான் அக்கா. நோட்ட பாத்திருந்தா கார்த்திகையிலயே முடிஞ்சிருக்கும்."

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"ஆமா."

"பத்தடி எழுந்து நடக்க ஒனக்கு சோம்பல்." தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "சோம்பல் இல்ல. பஞ்சாங்கத்த கையில வச்சிக்கிட்டு நாலு பேருக்கு முன்னால உட்காந்திருந்தியே, அந்தத் தோரண. அதான் எழுந்திருக்க விடல." பிறகு, "சரி, கண்ணு போச்சினா நீதான் எனக்கு தெனம் பேப்பர் படிச்சிக் காட்டணும். மரண அறிவிப்பிலேருந்து ஆரம்பிக்கணும்," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. கட்டுக்கு அடியில் அவள் வாய் மட்டும் சிரித்தது.

அத்தான் அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் நிற்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். டிராக்டர்காரர் தன் செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட மட்டைகளை டிராக்டர் பெட்டியில் நிறைத்துக்கொண்டு வந்திருந்தார். இருவரும் அவற்றைச் சரிவுக்குக் குறுக்கே, வரிசை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அவசரத்திலும் அத்தான் மட்டைகளை நூல் பிடித்த மாதிரி நேராக அடுக்கியிருந்தார்.

"கோணலா போட்டாலும் மண்ணு நிக்கும் அண்ணே," என்றார் டிராக்டர்காரர்.

"எனக்கு கோணலா போட வராது."

வீட்டுப் பக்கத்து ஓரத்தில், மட்டை எட்டாத இடத்தில், கூர் கூராகப் பச்சை தலைகாட்டியிருந்தது. லாலாங். மழையே இல்லாமல், அடிக்கிழங்கிலிருந்து வந்துவிட்டது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண் நகராமல் தங்கியிருந்தது. என் பார்வை போன இடத்தை அத்தான் பார்த்தார். பம்பு சுவரோரம் இருந்தது.

"இருக்கட்டும்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, புல்லிடம் சொன்ன மாதிரி இருந்தது.

கிருமி பிடிக்கவில்லை. அன்று சாயங்காலம் டாக்டர் கட்டைப் பிரித்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அக்கா நான்கு வரி படித்தாள். ஐந்தாவதில் நின்றாள். "ஓரத்துல ஒரு தூசி நிக்குது. தொடச்சாலும் போகல," என்றாள். அது தூசி இல்லை, கீறல் ஆறிய தழும்பு. அப்படியே இருக்கும் என்றார் டாக்டர். மற்றபடி பார்வை உண்டு. ஆனால் இன்னொரு தடவை இதே மாதிரி நடந்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

பங்குனி கடைசியில் மழை வந்தது. மட்டைகளுக்கு இடையில் மிச்ச விதையைத் தூவினோம். லாலாங்கும் பயற்றுக்கொடியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஏறின. ஐப்பசிக்குள் கொடி ஜெயித்துவிட்டது. அத்தான் வரப்பில் நிற்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். இல்லாவிட்டால் கை தானாகப் போய்ப் பச்சையைப் பிடுங்கிவிடும் என்பார்.

இது முடிந்த கதை என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே, காற்று வருகிற பக்கத்தில், எட்டு ஏக்கர் இருக்கிறது. இந்த வருஷம் அதை ஒருவர் வாங்கினார். தொழிற்சாலையில் சூப்பர்வைசர், நாற்பது வயது இருக்கும், நல்ல மாதிரி. கார்த்திகையில் மரங்களைச் சாய்த்தார். போன வாரம் வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அன்று அக்காவைப் பார்க்க வந்திருந்தேன்.

"அண்ணே, நீங்க நல்ல நாள் பாத்துக் குடுப்பீங்களாமே. உழவு வைக்கணும். தையில ஒரு நாள் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள். "தையில வேணாம் தம்பி. இந்த மார்கழியிலயே உழுது வெத போட்டுடு. வேலியோரத்து மரத்த விட்டுடு."

"மார்கழியிலயாக்கா?" அவர் சிரித்தார். "ஆளுங்க என்னா சொல்லுவாங்க? வீட்டுல அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க லா."

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் எப்போதும் போல வெளுத்திருந்தது. வலது கண்ணை விரலால் அகலப் பிடித்துக் காட்டினாள். "கிட்ட வந்து பாரு. ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? போன தையில நாங்க உழுதது."

அவர் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"ஆளுங்க ஆயிரம் சொல்லட்டும். அவங்க கண்ணுல விழாது. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்," என்றாள் அக்கா. "சாமி கோவிச்சிக்கிட்டா என்கிட்ட அனுப்பிவிடு, நான் பேசிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் இந்தத் தடவை எழுந்தேன். நோட்டை எடுத்து வந்து கார்த்திகை, மார்கழிப் பக்கங்களையும் தை, மாசிப் பக்கங்களையும் விரித்து அவர் முன்னால் வைத்தேன். எண்களையும் கோடுகளையும் விரலால் காட்டினேன். பிறகு ஒரு தாளைக் கிழித்து, மார்கழி முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமையை எழுதிக் கொடுத்தேன். ராகுகாலத்தையும் எழுதினேன், அவருடைய அம்மாவுக்காக. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல பேசிட்டு சொல்றேண்ணே," என்று போனார்.

இன்று அந்தப் புதன்கிழமை. விடிந்ததும் காடியை எடுத்துக்கொண்டு இங்கே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று சாயங்காலம் ஒரு தூறல். மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. டிராக்டர்காரரிடம் போன் செய்து கேட்டேன். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்றார்; வேறு ஆளைப் பேசியிருக்கலாம் என்றும் சொன்னார். பதினொன்றரை மணி ஆகிறது; கிழக்கே அந்த எட்டு ஏக்கரில் இன்னும் டிராக்டர் சத்தம் இல்லை. அத்தான் வரப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறார். நான் மூன்று தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். அக்கா போன வருஷத்துச் சாக்குகளைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள்.